எவ்வளவு என்பது பாதிக் கேள்வி, எந்த வகை என்பது மீதி

(எடமலைப்பட்டி புதூரில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் மருத்துவ ஆய்வக நுட்பநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

இந்த உரையைப் பிறகு மின்னிதழில் வாசிக்கப் போகிற உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

நம்ம வீடுகளில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இல்லாத வீடு இருக்காது. அதில் பெரும்பாலும் இரண்டு எண்களைத்தான் பார்ப்போம். பெண்களுக்கு ஹீமோகுளோபின்: "9 இருக்கு, ரத்தம் கம்மி." சர்க்கரை உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி: "7.5 வந்திருக்கு, மூணு மாச சர்க்கரை கூடியிருக்கு." இந்த இரண்டு எண்களும் ஒரே புரதத்தைப் பற்றியவை என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீமோகுளோபின்தான் அந்தப் புரதம். முதல் எண் அது மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது எண், அதில் ஒரு தனி வகை எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. அந்த வகையை மற்றவற்றில் இருந்து பிரித்தறியாமல் இரண்டாவது எண்ணைச் சொல்லவே முடியாது.

இன்றைக்கு நான் பேச வந்தது இந்தப் பிரித்தலைப் பற்றித்தான். கேட்க ஏதோ ஆராய்ச்சிக்கூட விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் வருஷக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறாத ஒரு பெண்ணுக்கும், பிறக்கப் போகிற ஒரு குழந்தைக்கும், இன்சுலின் அளவைக் கூட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒரு பெரியவருக்கும் இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

ஒரே பெயர், பல வடிவம்

பொன்னி, ஐ.ஆர்.20, கிச்சிலிச் சம்பா எல்லாமே நெல்தான். மூட்டையை எடைபோட்டால் எத்தனை கிலோ என்று தெரியும். எந்த ரகம், கலப்பு இருக்கிறதா என்பது தெரியாது. ஹீமோகுளோபினும் அப்படித்தான்.

ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறும் நான்கு சங்கிலிகள் சேர்ந்தது. எந்தச் சங்கிலியோடு எது சேர்கிறது என்பதைப் பொறுத்து வகை மாறும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களின் ரத்தத்தில் சுமார் 97 சதவீதம் 'ஏ' வகை. 2 முதல் 3.5 சதவீதம் வரை 'ஏ2' வகை. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேலை செய்கிற 'எஃப்' வகை, பெரியவர்களில் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழே. பிறந்த குழந்தையிடம் இதே 'எஃப்' வகைதான் பெரும்பங்கு. முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் அது குறைந்து, 'ஏ' அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இவை தவிர, பரம்பரையாக வரும் மாற்றத்தால் உண்டாகிற வகைகள் இருக்கின்றன: 'எஸ்', 'இ', 'டி' என்று பெயர். சர்க்கரை ஒட்டிக்கொள்வதால் உண்டாகிற வகை 'ஏ1சி'. மொத்த ஹீமோகுளோபினை அளக்கிற கருவிக்கு இவையெல்லாம் ஒன்றுதான். அது கிலோ பார்க்கிற தராசு. ரகம் பார்க்க வேறு வழி வேண்டும்.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு வெள்ளைச் சாக்பீஸின் அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிக் கோடு போடுங்கள். தட்டில் துளி தண்ணீர் ஊற்றி, கோடு தண்ணீரில் முங்காதபடி சாக்பீஸை நிறுத்தி வையுங்கள். தண்ணீர் மேலே ஏற ஏற அந்தக் கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பிரியும். கறுப்பு என்று நாம் நினைத்தது பல நிறங்களின் கூட்டு. தண்ணீரோடு வேகமாகப் போகிற நிறம் மேலே. சாக்பீஸோடு ஒட்டுகிற நிறம் கீழே. இதற்குப் பெயர் குரோமட்டோகிராபி.

மருத்துவமனை ஆய்வகத்தில் இதையே ஹெச்.பி.எல்.சி. என்ற கருவி செய்கிறது. ஒரு மெல்லிய குழாய்க்குள் நுண்ணிய துகள்களை இறுக்கி நிரப்பியிருப்பார்கள். ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து எடுத்த திரவத்தை அதற்குள் அழுத்தத்தில் அனுப்புவார்கள். காந்தி மார்க்கெட்டுக்குள் பத்துப் பேரை ஒரே நேரத்தில் விட்டுப் பாருங்கள். யாரையும் தெரியாதவர் நேராக நடந்து மறுபக்கம் வந்துவிடுவார். கடைக்குக் கடை சிநேகிதர் இருக்கிறவர் நின்று பேசி, கடைசியில்தான் வருவார். அதேபோல, குழாயில் உள்ள துகள்களோடு மின்னூட்டத்தால் அதிகம் ஒட்டுகிற வகை தாமதமாக வெளியே வரும்; குறைவாக ஒட்டுகிற வகை முதலில் வரும். எந்த நிமிடத்தில் எது வந்தது, எவ்வளவு வந்தது என்று கருவி வரைபடம் போட்டுத் தரும். ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

இன்னொரு வழி மின்சாரம். ஒரு பசைத்தளத்தின் மேல் புரதங்களை வைத்து இரண்டு பக்கமும் மின்முனை கொடுத்தால், ஒவ்வொன்றும் தன் மின்னூட்டத்துக்கு ஏற்ற வேகத்தில் நகரும். இது எலக்ட்ரோபோரிசிஸ். இந்த முறையை வளர்த்தெடுத்த சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்னே டிசேலியஸுக்கு 1948-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது நுண்குழாய்க்குள்ளேயே இதைச் செய்கிற கருவிகள் வந்துவிட்டன.

ஒரு எழுத்து மாறினால்

நம்ம ஊர் புதூர். பெரியாஸ்பத்திரி இருப்பது புத்தூர். நடுவில் ஒரு 'த்' தான் வித்தியாசம். ஆட்டோக்காரரிடம் மாற்றிச் சொன்னால் இறங்குகிற இடமே வேறு. உடம்புக்குள்ளும் இப்படி ஓர் எழுத்துப் பிழை நடக்கிறது.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. அதில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வேலின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டால் அதுதான் 'எஸ்' வகை. 146-ல் ஒன்றுதான் மாறியிருக்கிறது. ஆனால் ஆக்சிஜன் குறையும்போது இந்த 'எஸ்' மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமாகி, வட்டமான சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைத்துவிடும். அந்த அணுக்கள் சிறு ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். தாங்க முடியாத மூட்டுவலி, எலும்புவலி, அடிக்கடி காய்ச்சல், ரத்தசோகை எல்லாம் வரும். இதுதான் அரிவாள் செல் ரத்தசோகை. சிக்கிள் செல் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

1949-ல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டார்கள். அது மற்றவர்களுடையதைப் போல நகரவில்லை. இன்னொன்றையும் கவனித்தார்கள். நோய் இல்லாமல் அந்தக் கூறை மட்டும் சுமக்கிற கேரியர்களின் ரத்தத்தில் இரண்டு வகையும் கலந்து இருந்தது. ஒரு நோய்க்குக் காரணம் ஒரு புரத மூலக்கூறின் மாற்றம்தான் என்று உலகம் முதன்முதலாகப் புரிந்துகொண்டது இங்கேதான். மாறியது எந்த அமினோ அமிலம் என்பதை வெர்னான் இங்கிராம் 1957-ல் கண்டுபிடித்துச் சொன்னார்.

இந்தக் கதையில் நம்ம தமிழ்நாட்டுக்கும் இடம் உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் கூறு இருப்பதை முதன்முதலில் பதிவு செய்தவர்களில் லேமன், கட்புஷ் என்ற இருவர் இருக்கிறார்கள். 1952-ல் அவர்கள் ஆய்வு செய்தது நீலகிரியின் பழங்குடி மக்களிடம். அதன் பிறகுதான் நாட்டின் பல பகுதிகளில் இதைத் தேடத் தொடங்கினார்கள். இன்றைக்கும் கூடலூரில் உள்ள ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் இந்த நோயாளிகளுக்குத் தொடர்ந்து சிகிச்சை நடக்கிறது.

2023 ஜூலை 1 அன்று தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு உள்பட 17 மாநிலங்களில், பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடி பேருக்குப் பரிசோதனை செய்வது இலக்கு. 2047-க்குள் இது ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் போக வேண்டும் என்பது நோக்கம்.

அங்கே நடக்கிற பரிசோதனை இரண்டு படி. முதலில் கரைதிறன் பரிசோதனை: ரத்தத் துளியை ஒரு திரவத்தில் விட்டால், 'எஸ்' இருந்தால் கலங்கும், இல்லாவிட்டால் தெளிவாக இருக்கும். செலவு குறைவு, மலைக்கிராமத்திலேயே செய்யலாம். ஆனால் அந்தக் கலங்கலைப் பார்த்து, இவர் கேரியரா, நோயாளியா என்று சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் கலங்கும். ஒருவர் வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பார்; இன்னொருவருக்கு உடனே சிகிச்சை வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஹெச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோபோரிசிஸ் வேண்டும். கேரியருக்கு 'ஏ' அதிகமாகவும் 'எஸ்' அதைவிடக் குறைவாகவும் இருக்கும். நோயாளிக்கு 'எஸ்' தான் பெரும்பங்கு.

அதனால் முகாமில் "பாசிட்டிவ்" என்று சொன்னதோடு யாரும் பயந்து ஒதுங்கிவிடக் கூடாது. இரண்டாவது பரிசோதனை முடிவு வரும் வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம்ம மாவட்டத்தின் பச்சைமலையில் உங்களுக்கு உறவினர்களோ தெரிந்தவர்களோ இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

சிகிச்சையிலும் வகைப் பிரிப்புதான் துணை. ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை அரிவாள் செல் நோயாளிகளின் உடலில் அந்தப் பழைய 'எஃப்' வகையை மறுபடி அதிகம் உண்டாக்குகிறது. 'எஃப்' கூடினால் அணு வளைவது குறையும், வலி வருவதும் குறையும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, 'எஃப்' எத்தனை சதவீதம் என்று பிரித்து அளப்பதும் ஒரு வழி.

மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ரத்தம்

இப்போது சமவெளிக்கு வருவோம். நம்ம தெருவிலேயே இருக்கிற ஒரு சிக்கல் இது.

"அக்கா, நானும் ரெண்டு வருஷமா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறேன், ஹீமோகுளோபின் பத்தைத் தாண்ட மாட்டேங்குது" என்று சொல்கிற பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் காரணம் எளிமையானது: மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுவதில்லை, சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்துவிடுகிறோம், மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், வயிற்றில் பூச்சி. முதலில் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டால்? அப்போது கேட்க வேண்டிய கேள்வி: இது பீட்டா தலசீமியா கேரியர் நிலையாக இருக்குமோ?

தலசீமியாவில் பீட்டா சங்கிலியின் உற்பத்தியே குறைகிறது. கேரியருக்கு ஒரு மரபணுவில் மட்டும் குறை. இன்னொன்று நன்றாக வேலை செய்யும். அவருக்கு லேசான ரத்தசோகை இருக்கும், வேறு தொந்தரவு பெரிதாக இருக்காது. சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையிலேயே ஒரு குறிப்பு கிடைக்கும்: சிவப்பணுக்களின் அளவு சிறியதாகவும், அவற்றின் எண்ணிக்கை குறையாமல் சில நேரம் கூடுதலாகவும் இருக்கும். இரும்புச்சத்துக் குறைவிலும் அணு சிறிதாகும். ஆனால் அதில் எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். உறுதி செய்ய ஹெச்.பி.எல்.சி. தான் வழி. 'ஏ2' வகை 3.5 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பீட்டா தலசீமியா கேரியர் என்று சந்தேகிப்பார்கள்.

ஒரு நுணுக்கம். இரும்புச்சத்துக் குறைவு அதிகமாக இருந்தால் 'ஏ2' அளவும் இறங்கித் தெரியலாம். எல்லைக்கோட்டில் உள்ள முடிவை மருத்துவர் மறுபடி எடுக்கச் சொன்னால், "வீண் செலவு" என்று நினைக்காதீர்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது. கேரியருக்கும் இரும்புச்சத்து குறையலாம். இரண்டும் ஒன்றாக இருப்பவர்கள் உண்டு.

கேரியராக இருப்பது நோய் இல்லை என்றால், இவ்வளவு அலட்டிக்கொள்ள ஏன்? கணவனும் மனைவியும் இரண்டு பேருமே கேரியராக இருக்கும்போதுதான் கதை மாறுகிறது. அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கேரியராகப் பிறக்க நான்கில் இரண்டு பங்கு. எந்தக் குறையும் இல்லாமல் பிறக்க நான்கில் ஒரு பங்கு. "முதல் குழந்தைக்கு வந்துடுச்சு, இனி மூணு குழந்தைக்கு வராது" என்பது தவறான கணக்கு. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

கடுமையான தலசீமியா உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், 'எஃப்' வகை காப்பாற்றிக்கொண்டிருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு 'எஃப்' இறங்க, 'ஏ' வராமல், வெளுத்துப்போகும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தால் சேருகிற இரும்பை வெளியேற்றத் தினமும் மருந்து வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை குணமாக்கும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1986-லேயே இந்தச் சிகிச்சை தொடங்கிவிட்டது. ஆனால் பொருந்துகிற கொடையாளர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை, செலவும் பெரிது.

தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் திருமணம் இன்றும் அதிகம். ஒரே தாத்தா பாட்டியிடம் இருந்து ஒரே மரபணு இரண்டு பக்கமும் இறங்கியிருக்க வாய்ப்பு கூடுதல். ஆனால் சொந்தம் இல்லாத இருவரும் கேரியராக இருக்கலாம். அதனால் சொந்தமோ அசலோ, பரிசோதனை ஒன்றுதான்.

இந்த இடத்தில் மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை. மருமகளை மட்டும் பரிசோதனைக்கு அனுப்புவது பாதி வேலை. அவள் கேரியர் என்று வந்தால், உடனே உங்கள் மகனும் ரத்தம் கொடுக்க வேண்டும். குறை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் குழந்தைக்குக் கடுமையான நோய் வராது. இரண்டு பக்கமும் இருந்தால் அதில் ஒருத்தியை மட்டும் குற்றம் சொல்ல நியாயமில்லை.

மூன்று மாதச் சர்க்கரை: 53 வருஷக் கதை

ஹெச்பிஏ1சி எப்படி வந்தது என்று பார்ப்போம். 1958-ல் ஹியூஸ்மனும் மேயரிங்கும் ஹீமோகுளோபினைக் குழாய்வழிப் பிரிக்கும்போது, ஓரமாக வெளியே வந்த சிறு பகுதிகளில் இதைத் தனியாகக் கண்டார்கள். அப்போது அதன் பயன் தெரியாது. 1968-ல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற மருத்துவர், சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு பட்டையை எலக்ட்ரோபோரிசிஸில் கவனித்தார். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது பீட்டா சங்கிலியின் நுனியில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், ஒட்டிய சர்க்கரையின் அளவு கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைச் சொல்கிறது. இந்த எண்ணைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்பு குறையும் என்பதை 1993-ல் வெளியான பெரிய ஆய்வு நிரூபித்தது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் என்று உறுதிசெய்ய இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றது 2011-ல்.

1958-க்கும் 2011-க்கும் இடையே 53 வருஷம். ஒரு வகையைப் பிரித்துப் பார்த்தது முதல் நாள் வேலை. அது உண்மையிலேயே நோயைச் சொல்கிறதா, எல்லா ஊரிலும் ஒரே மாதிரி சொல்கிறதா, எல்லா ஆய்வகமும் ஒரே எண்ணைத் தருமா என்று பார்க்கத்தான் இத்தனை காலம்.

இவ்வளவு சோதிக்கப்பட்ட எண்ணுக்கும் வரம்பு உண்டு. சிவப்பணு சீக்கிரம் அழிகிற நோய் இருந்தாலோ, அண்மையில் அதிக ரத்தம் இழந்திருந்தாலோ, ரத்தம் ஏற்றியிருந்தாலோ ஹெச்பிஏ1சி உண்மையை விடக் குறைவாகக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகையில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். அரிவாள் செல் நோய் இருந்தால் இந்த எண்ணை நம்ப முடியாது. மருத்துவர் வேறு பரிசோதனை எழுதுவார். தினசரி சர்க்கரை நன்றாக இருந்தும் மூன்று மாத எண் மட்டும் பொருந்தாமல் வந்தால், "டாக்டர், எனக்கு ரத்தசோகை இருக்கு, போன மாசம் ரத்தம் ஏத்தினாங்க" என்று நீங்களாகச் சொல்லுங்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்து மாறலாம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது முதல், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. வீட்டுக்கு வருகிற தன்னார்வலரிடமும் இந்த விவரத்தைச் சொல்லலாம். சுகாதார நிலையத்தில் தெரிவிக்க அவர் உதவுவார்.

ரத்தம் மட்டும் இல்லை

தலையில் அடிபட்டவருக்கு மூக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தால் சளியா, மூளையைச் சுற்றியுள்ள நீரா என்று எப்படித் தெரியும்? டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ரத்தத்திலும் இருக்கிறது. ஆனால் அதன் 'பீட்டா-2' என்ற வகை மூளைநீரில்தான் முக்கியமாக இருக்கும், சளியில் இருக்காது. ஒழுகும் நீரில் அந்த வகையைப் பிரித்துக் கண்டால் மூளையுறையில் கசிவு என்று பொருள். கவனிக்காமல் விட்டால் மூளைக்காய்ச்சல் வரலாம். அதேபோல, மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் ஒரே வகை எதிர்ப்புரதம் அளவுக்கு மீறி உண்டாகும். ரத்த நீரை எலக்ட்ரோபோரிசிஸ் செய்தால் அது தனிப் பட்டையாக நிற்கும்.

இப்படி நோயைக் காட்டிக்கொடுக்கிற பொருளுக்குப் பயோமார்க்கர் என்று பெயர். புதியவற்றைத் தேடுவது ஏன் கஷ்டம் தெரியுமா? ரத்த நீரில் உள்ள புரதத்தில் பாதிக்கு மேல் ஆல்புமின் என்ற ஒன்றேதான். ஒரு லிட்டரில் 35 முதல் 50 கிராம் வரை இருக்கும். மாரடைப்பைச் சொல்கிற டிரோபோனினோ கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோகிராம் கணக்கில் இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தையைத் தேடுவது மாதிரி. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் முதலில் கூட்டத்தை விலக்கிவிட்டு, மீதியை மின்னூட்டம், அளவு, எடை என்று பல முறை பிரித்துப் பார்க்கிறார்கள்.

"ஒரு துளி ரத்தத்தில் நூறு நோய் கண்டுபிடிக்கிறோம்" என்று கைப்பேசியில் விளம்பரம் வந்தால் அந்த 53 வருஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பரிசோதனை எழுதியது யார், முடிவு வந்தால் சிகிச்சையில் என்ன மாறும் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டாம்.

ஆராய்ச்சிக்காக உங்கள் ரத்தத்தையோ சிறுநீரையோ கேட்டால் கொடுக்கலாம், நல்ல காரியம்தான். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி உங்களுக்கு உரிமைகள் உண்டு. நெறிமுறைக் குழு அனுமதி இருக்க வேண்டும். எதற்கு எடுக்கிறோம் என்று உங்களுக்குப் புரிகிற மொழியில் எழுதித் தந்து ஒப்புதல் வாங்க வேண்டும். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம், அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

நீங்கள் செய்யக்கூடியவை

கர்ப்பம் தெரிந்த உடனே நகர்ப்புற சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்குங்கள். ரத்தசோகை இருந்தால், அணுக்களின் அளவு சிறிதாக இருக்கிறதா, ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை தேவையா என்று முதல் மூன்று மாதத்துக்குள் கேளுங்கள். நாள் தள்ளிப்போனால் கணவருக்குப் பரிசோதனை எடுக்கவும், மருத்துவரோடு பேசி முடிவெடுக்கவும் நேரம் குறைந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

இந்தப் பரிசோதனைக்கு மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் கொடையாளரின் ஹீமோகுளோபினும் சேர்ந்து வரும்.

பக்கத்துச் சுகாதார நிலையத்தில் இந்த வசதி இல்லையென்றால், எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு, பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம்ம பகுதிக்குப் பெரிய அரசு மருத்துவமனை புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை. விவரம் தெரியாவிட்டால் 104-க்குப் பேசுங்கள். ஹெச்.பி.எல்.சி. ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். பரம்பரை வகை வயதால் மாறாது. அந்தத் தாள் உங்கள் பிள்ளைகளுக்கும் உதவும்.

வீட்டில் தலசீமியா, அரிவாள் செல் நோய் உள்ளவர்கள் இருந்தால், 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இவையும் இருக்கின்றன. மருத்துவச் சான்றோடு தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார் என்று யாராவது சொன்னால், சட்டத்தில் இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கடைசியாக, இந்த மாதிரிக் கூட்டங்களில் என்னிடம் தனியாக வந்து கேட்கிற கேள்வி ஒன்று: "பொண்ணு கேரியர்னு தெரிஞ்சா கல்யாணம் நின்னுடுமே, அதுக்கு டெஸ்ட்டே எடுக்காம இருந்தா என்ன?" கேரியருக்கு நோய் இல்லை, அவரால் யாருக்கும் ஒட்டாது. மாப்பிள்ளைக்கும் எடுத்து, அவருக்கு இல்லை என்று வந்துவிட்டால் கவலைப்பட ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் இருந்தாலும், கல்யாணம் செய்துகொள்வதா, கர்ப்பத்தில் என்ன பரிசோதனை செய்வது என்பதை முன்கூட்டியே தெரிந்து அவர்களே முடிவு செய்ய முடியும். தெரியாமல் இருந்தால் அந்த முடிவை எட்டாவது மாதக் குழந்தையின் வெளுத்த முகம் வந்துதான் சொல்லும். பெண்ணின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்றால், இரண்டு வீட்டாரும் ஒன்றாகப் போய் ஒரே நாளில் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். யாருக்காக எடுத்தோம் என்ற பேச்சே வராது.